94-வது நிமிடத்தில் கத்தியவர்களுக்காக

இன்னும் குரல் சரியாக வரவில்லை. காலையிலிருந்து போன் செய்கிற எல்லோரும் "சளியா?" என்று கேட்கிறார்கள். சளியெல்லாம் இல்லை. நேற்று இரவு எங்கள் மைதானத்தில் எங்கள் கால்பந்து அணி ஜெயித்தது. 88-வது நிமிடம் வரை 0-1 என்று பின்தங்கிக் கிடந்துவிட்டு, இஞ்சுரி டைமின், அதாவது தொண்ணூறு நிமிடத்துக்குப் பிறகு நடுவர் கூட்டித் தரும் நேரத்தின், நான்காவது நிமிடத்தில் ஜெயித்தது.

நல்ல ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். முதல் பாதி முழுக்கப் பந்தைப் பின்னாலேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் பாதியில் கிடைத்தவை இரண்டே வாய்ப்புகள். ஒன்று கோல் கம்பத்துக்கு மேலே எங்கோ போனது, இன்னொன்று நேராக கோல்கீப்பர் கைக்குப் போனது. எண்பதாவது நிமிடத்தில் எனக்குப் பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து படியிறங்க ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். நான்கு சீசனாக அருகருகே உட்காருகிறோம், பெயர்கூடத் தெரியாது. நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் பேசாமல் இருந்தார். நான் கத்திக்கொண்டிருந்தேன், முழுக்கக் கோபத்தில்.

சமன் செய்த கோல் ஒரு கார்னர் கிக்கிலிருந்து வந்தது. நான்கைந்து பேர் விழுந்து புரண்ட குழப்பத்தில் பந்து எப்படியோ கோட்டைத் தாண்டியது. போட்டவர் கொண்டாடவே இல்லை. வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் மைதானம் விழித்துக்கொண்டது. அப்புறம் நடந்த ஆறு நிமிடமும் யாரும் உட்காரவில்லை. வெற்றி கோலை நான் ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. இடது பக்கத்திலிருந்து ஒரு கிராஸ் வந்தது, பந்து யார் மேலோ பட்டது, வலை உப்பியது. எனக்குத் தெரிந்தது அந்த உப்பல் மட்டும்தான்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த கோல் இல்லை, காலையில் இணையத்தில் படித்த கருத்துகள். "மூன்று பாயின்டுக்கு இவ்வளவு ஆட்டமா?" "அடிமட்டத்தில் கிடக்கிற அணியைக் கடைசி நிமிடத்தில் ஜெயித்துவிட்டு என்னமோ கோப்பையே கிடைத்தது போல..." "பத்து நிமிடம் முன்னால் திட்டியவர்கள்தானே இவர்கள்?" எதிரணி ரசிகர்கள் சொன்னால் அது அவர்கள் உரிமை. எங்கள் அணி ரசிகர்களே சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

திட்டியதைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஆமாம், திட்டினேன். திட்டியவனும் கொண்டாடியவனும் ஒரே ஆள்தான், இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. தோற்றாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கோபம் வராது. கடைசி நிமிட கோலில் அவனுக்கு முழங்கால் நடுங்கவும் செய்யாது. அந்த எண்பத்தெட்டு நிமிட எரிச்சலை நான் அனுபவித்திருக்காவிட்டால் 94-வது நிமிடம் எனக்கு வெறும் செய்தியாகத்தான் இருந்திருக்கும்.

கால்பந்தில் கோல் அரிது. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு, மூன்று. பல நாட்களில் அதுவும் இல்லை. இருபதாவது நிமிடத்தில் நம் அணி கோல் போட்டால் சந்தோஷம்தான், ஆனால் அந்த சந்தோஷத்துக்கு மீதி எழுபது நிமிடமும் வட்டி கட்ட வேண்டும். எப்போது திருப்பிப் போடுவார்களோ, எந்த டிஃபென்டர் சறுக்குவாரோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டே இருப்போம். கடைசி நிமிட கோலுக்கு வட்டி கிடையாது. எதிரணிக்குப் பதில் சொல்ல நேரமில்லை. பயம் கலக்காத சந்தோஷத்தை இந்த விளையாட்டு ரசிகனுக்குத் தருவது அந்த ஒரு சமயத்தில் மட்டும்தான். அதைக்கூட அளந்து அனுபவிக்கச் சொன்னால் எப்படி?

2012 மே 13 எல்லோருக்கும் நினைவிருக்கும். மான்செஸ்டர் சிட்டி தன் சொந்த மைதானத்தில் க்யூபிஆருக்கு (குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) எதிராக ஜெயித்தால் 44 ஆண்டுகளுக்குப் பிறகு இங்கிலாந்து லீக் பட்டம். எதிரணியில் ஜோயி பார்ட்டன் சிவப்பு அட்டை வாங்கிப் போய், பத்து பேர்தான் மிச்சம். அப்படியும் தொண்ணூறாவது நிமிடத்தில் சிட்டி 1-2 என்று தோற்றுக்கொண்டிருந்தது. இஞ்சுரி டைமில் சிட்டியின் ஜெக்கோ தலையால் முட்டி ஒன்று போட்டார். பிறகு கடிகாரம் 93 நிமிடம் 20 விநாடி காட்டியபோது சிட்டியின் அகுவேரோ வெற்றி கோலைப் போட்டார். மான்செஸ்டர் யுனைடெட்டும் சிட்டியும் தலா 89 பாயின்ட், கோல் வித்தியாசத்தில் பட்டம் முடிவானது. அந்த கோலை இன்று யாரும் மிகைக் கொண்டாட்டம் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அதன் முடிவில் கோப்பை இருந்தது. சரி, கோப்பை இல்லாத இடத்தைப் பார்ப்போம்.

1999 மே 8. இங்கிலாந்தின் நான்காம் நிலை லீக்கின் கடைசி நாள். கார்லைல் யுனைடெட் ஜெயிக்காவிட்டால் லீக்கை விட்டே வெளியே போக வேண்டும். பிளிமத்துக்கு எதிராக 1-1, இஞ்சுரி டைமும் முடியப் போகிறது. கார்னர் கிக்குக்கு கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் மைதானத்தின் மறுமுனைக்கே ஓடி வருகிறார். ஸ்விண்டனிலிருந்து கடனுக்கு வந்தவர், அந்த கிளப்புக்காக மொத்தம் மூன்றே ஆட்டம் ஆடியவர். தடுக்கப்பட்டுத் திரும்பி வந்த பந்தை அவர் அடித்து உள்ளே அனுப்ப, ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். பட்டம் இல்லை, பணம் இல்லை, அடுத்த வருடமும் அதே லீக்கில் இருக்கலாம் என்பது மட்டும்தான். அதே நேரத்தில் ஸ்கார்பரோ அணியின் ரசிகர்கள் தங்கள் மைதானத்தில் தப்பித்துவிட்டதாக நினைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கீழே போனது அவர்கள் அணி. அந்தப் பக்கத்தையும் நான் மறக்கவில்லை. அந்த ஒரு உதை ஒரு ஊரைத் தூக்கியது, இன்னொரு ஊரை உட்கார வைத்தது.

"கடைசியில் என்ன கிடைத்தது?" என்று கேட்பவர்கள் 2023 மார்ச் 4 ஆட்டத்தைத்தான் காட்டுவார்கள். போர்ன்மத்துக்கு எதிராகத் தன் மைதானத்தில் 0-2 என்று இருந்த ஆர்சனலுக்கு 97-வது நிமிடத்தில் ரீஸ் நெல்சன் 3-2 ஆக்கிக் கொடுத்தார். அன்று எழுந்த சத்தத்தைக் கேட்டவர்கள் பட்டம் வந்துவிட்டதாகவே நினைத்திருப்பார்கள். அந்த சீசனை ஆர்சனல் இரண்டாவது இடத்தில் முடித்தது. அதற்கு முன் 2018 டிசம்பரில் எவர்ட்டனுக்கு எதிராக 96-வது நிமிடத்தில் ஒரிகி போட்ட கோலுக்கு, லிவர்பூல் மேனேஜர் கிளாப் மைதானத்துக்குள்ளேயே ஓடிப் போய் தன் கோல்கீப்பரைக் கட்டிப்பிடித்தார். அபராதம் 8,000 பவுண்டு. அந்த வருடம் லிவர்பூல் 97 பாயின்ட் எடுத்தும் ஒரே ஒரு பாயின்டில் பட்டத்தைத் தவறவிட்டது. அதனால் அந்த இரண்டு மாலைகளும் பொய்யாகிவிட்டனவா? மே மாதத்துப் பட்டியலை வைத்து மார்ச் மாதத்து சந்தோஷத்தைத் திரும்பப் பிடுங்க முடியாது. அது அங்கே இருந்தவர்களுக்கு ஏற்கனவே கிடைத்துவிட்டது.

இன்னொன்று. ரசிகர்களின் சத்தம் கோலுக்குப் பிறகு வருவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். பார்வையாளர் இல்லாமல் ஆடிய 2020-ஐ நினைத்துப் பாருங்கள். பல லீக்குகளில் சொந்த மைதானத்தின் சாதகம் குறைந்துபோனது. பெரும்பாலும் காலி அரங்கங்களில் நடந்த 2020-21 பிரீமியர் லீக்கில் சொந்த மைதான வெற்றிகளைவிட வெளி மைதான வெற்றிகள் அதிகம். நேற்று அந்தக் கடைசி ஆறு நிமிடத்தில் எதிரணி டிஃபென்டர்கள் பந்தை எங்கே அடிப்பது என்று தெரியாமல் அடித்தார்கள். எழுபது நிமிடம் நிதானமாக ஆடியவர்கள்தான் அவர்கள். அந்த அவசரம் அவர்கள் காலுக்குள் எப்படி வந்தது? அதில் எங்கள் தொண்டைக்கும் பங்கு உண்டு என்று நான் மனதார நம்புகிறேன்.

சீக்கிரம் கிளம்பிப் போனவர்களைக் கேலி செய்து படம் போடுகிறார்கள், அது வேண்டாம். கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டியவர், தூங்கி வழியும் குழந்தையைத் தோளில் போட்டிருப்பவர், விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர் எல்லோரும் அதில் இருந்தார்கள். அந்தச் சத்தத்தை வெளியே தெருவில் நின்று கேட்டிருப்பார்களே, அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது?

என் உண்மையான ஆதங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. நேற்று வலை உப்பியதும் நான் குதித்தேன், ஐயாவின் தோளைப் பிடித்தேன், பிறகு பாதியிலேயே நின்று நடுவரைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். நடுவர் காதில் கை வைத்துக்கொண்டு நின்றார். விஏஆர் பரிசோதனை, அதாவது வீடியோவைப் பார்த்து கோல் செல்லுமா என்று சரிபார்ப்பது. இரண்டு நிமிடம்தான் இருக்கும், ஆனால் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு நிமிடம். பிறகு அவர் நடுவட்டத்தைக் காட்ட, மறுபடி கத்தினோம். அந்த இரண்டாவது சத்தம் வேறு மாதிரி. அதில் நிம்மதி இருக்கிறது, முதல் சத்தத்தில் இருந்த வெறி இல்லை.

2019 ஏப்ரல் 17 அன்று சிட்டியும் டாட்டனமும் மோதிய சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் இதன் கொடூரமான வடிவத்தைப் பார்த்தோம். 93-வது நிமிடத்தில் சிட்டியின் ஸ்டெர்லிங் கோல் போட்டார், மைதானமே வெடித்தது, சிட்டி மேனேஜர் குவார்டியோலா துள்ளி ஓடினார். அப்புறம் அகுவேரோ ஆஃப்சைடு, அதாவது பந்து தட்டப்பட்டபோது எதிரணி டிஃபென்டர்களைத் தாண்டி நின்றார், என்று கோல் ரத்து. அன்றைய ஆட்டத்தில் 4-3 என்று ஜெயித்தும், இரண்டு ஆட்டமும் சேர்ந்து சமனானால் வெளி மைதானத்தில் அதிக கோல் போட்ட அணிதான் முன்னேறும் என்று அப்போது இருந்த விதியால் சிட்டி வெளியேறியது. முடிவு சரியானதுதான், ஆஃப்சைடு ஆஃப்சைடுதான். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு எந்த ரசிகனாலும் முழு மனதோடு குதிக்க முடிவதில்லை. கையால் தள்ளிய பந்து, அப்பட்டமான ஆஃப்சைடு, இவற்றுக்கு விஏஆர் இருக்கட்டும். கட்டைவிரல் நுனிக்குக் கோடு போட்டு அளப்பதை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதனால் எங்கள் அணிக்கு எதிராக நான்கு தவறான கோல்கள் விழுந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். கோல் விழுந்த நொடியிலேயே கத்தும் உரிமை எனக்குத் திரும்ப வேண்டும்.

கொண்டாட்டத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். எதிரணி கோல்கீப்பர் அந்த கிராஸைப் பிடிக்க வந்து தவறவிட்டார். இருபத்தொரு வயதுப் பையன். ராத்திரியே அவருடைய சமூக ஊடகப் பக்கத்தில் போய் எங்கள் ஆட்கள் சிலர் அசிங்கமாக எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். விசில் ஊதியதும் அந்தப் பையன் கம்பத்தில் நெற்றியைச் சாய்த்து நின்றதை நான் பார்த்தேன்.

கூட்டம் கலைய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. யாருக்கும் போக மனமில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, அப்படியே அடுத்தவரைக் கட்டிப்பிடிக்கப் போனார். ஐயா மட்டும் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார், என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, கோல் போட்டது யாரு?"

"தெரியலைங்க ஐயா. நானும் பார்க்கல."

படியிறங்கும்போது முன்னால் போனவரைக் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை.