ஆறாவது இனம்

மற்ற மாவட்டங்களில் மேலதிகாரிகள் மிரட்டுவதற்கென்றே ஒரு வசனம் வைத்திருப்பார்கள். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." அந்தக் காடு எங்கள் ராம்நாடு. இங்கே பணியேற்க வரும் அதிகாரிகளில் பலர், வந்த வாரமே திரும்பிப் போக ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பிள்ளை படிப்பு, வயதான பெற்றோர் என்று ஆயிரம் இருக்கும். ஆனால் இங்கேயே பிறந்து இங்கேயே குப்பை கொட்டும் எங்களைப் போன்றவர்கள், ஒரு நல்ல காரியம் மாறுதல் ஆணையோடு சேர்ந்து பஸ் ஏறிப் போவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டோம்.

எங்கள் அலுவலகம் கடற்கரையோரம். நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது பெண்கள் கழிவறை என்று ஒன்று இருந்தது. கதவைத் திறந்தால் கோப்புக் கட்டுகள், உடைந்த நாற்காலி, எப்போதோ நடந்த தேர்தலின் மிச்சங்கள். நாங்கள் நான்கு பெண்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் சமாளிப்போம். முடியாத நாளில் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய் நிற்போம். அப்புறம் ஒரு பெண் அதிகாரி வந்தார். ஒரே வாரத்தில் கட்டுகளைப் பதிவறைக்கு அனுப்பி, குழாய் மாற்றி, சாவியை ஜன்னல் பக்கத்து ஆணியில் மாட்டச் சொன்னார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பதினான்கு மாதத்தில் அவருக்கு மாறுதல் வந்தது. அடுத்த இரண்டு மாதத்தில் சாவி ஆணியிலிருந்து கண்காணிப்பாளர் மேசை டிராயருக்குப் போய்விட்டது.

காரணம் கேட்டேன். "யார் யாரோ வந்து போறாங்கம்மா, ஈரமாக்கிட்டுப் போறாங்க." அந்த யார் யாரோ என்பது மனு கொடுக்க வரும் பாசி எடுக்கும் பெண்கள். விடியலில் கடலில் இறங்கி, கரையேறிய ஈரச் சேலையோடு பஸ் பிடித்து வருகிறவர்கள். டிராயரைப் பூட்டியது ஆண் அல்ல, நான் அக்கா என்று கூப்பிட்ட ஒரு பெண் கண்காணிப்பாளர்தான். பெண்கள் பொறுப்புக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கை எனக்கு அன்றைக்கே கொஞ்சம் கழன்றுவிட்டது. 1989-ல் தமிழக அரசு வேலையில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடஒதுக்கீடு வந்ததால்தான் என்னைப் போன்றவர்கள் உள்ளேயே வந்தோம். 2021-ல் அதை 40 ஆக்கப் போவதாக அறிவித்தார்கள். உள்ளே வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு எந்த விழுக்காடும் பதில் சொல்லாது.

நானும் ஒன்றும் சுத்தம் இல்லை. எங்களோடு போலியோவில் ஒரு கால் பாதித்த தம்பி ஒருவர் இருந்தார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கியது, அதற்கு முன்பு 3. அவர் சேர்ந்ததும் தபால் பிரிவில் உட்கார வைத்தோம். 'பாவம், ஏன் அலைய விடணும்' என்று முதலில் சொன்னது நான்தான். ஆறு வருடம் அவர் தபாலுக்கு எண் போட்டார். கணக்குப் பிரிவோ பணியமைப்புப் பிரிவோ பார்க்கவில்லை. வெளியூர் முகாமுக்கும் போகவில்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே கேட்டார்: "அக்கா, எங்கிட்ட மூணு சக்கர வண்டி இருக்கு. வாலிநோக்கம் முகாமுக்கு நான் போனா பயணப்படி எனக்கு வராதா?" எனக்கு டீ இறங்கவில்லை. நாங்கள் கருணை என்று நினைத்தது அவர் பதவி உயர்வுக்குத் தேவையான அனுபவத்தைத் தின்றுகொண்டிருந்தது.

அவருக்காகச் சாய்தளம் கட்டிய கதை தனி. எங்கள் கட்டடத்தின் அடித்தளம் இரண்டரை அடி உயரம். ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. ஆக முப்பது அடி. கட்டியது பத்து அடி. அதில் சக்கர நாற்காலி ஏறாது, பிள்ளைகள் சறுக்கி விளையாடலாம். கைப்பிடிக்குச் சாதா இரும்புக் குழாய் போட்டார்கள். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் அது எத்தனை நாளைக்கு? இரண்டாவது மழைக்காலம் முடியும்போது பொரிந்து கையோடு வந்தது. ஆனால் புகைப்படம் எடுத்து அறிக்கை அனுப்பியாகிவிட்டது, பதிவேட்டில் 'சாய்தளம் உள்ளது'.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-ல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும், தலைவர் மூத்த பெண் ஊழியர், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மூன்று வருடத்துக்கு மேல் யாரும் நீடிக்கக் கூடாது. எங்கள் அறிவிப்புப் பலகையில் தலைவர் என்று எழுதியிருந்தவர் பரமக்குடிக்கு மாறுதலாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. பலகையில் இருந்த செல்போன் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா அலுவலகத்திலும் குழு அமைத்தாக வேண்டும் என்று கெடு வைத்து உத்தரவிட்ட பிறகுதான் பல இடங்களில் பலகைக்குப் புது பெயின்ட் விழுந்தது.

டீ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் கண்ணாடி டம்ளர், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு மட்டும் காகிதக் கப். யாரும் சாதி என்று சொல்லவே இல்லை. ஒரு அதிகாரி கவனித்துவிட்டு எல்லாருக்கும் ஒரே டம்ளர் என்று வாய்மொழியாகச் சொன்னார். அவர் போனதும் டம்ளரே ஒழிந்தது, 'சுகாதாரம்' என்று எல்லாருக்கும் காகிதக் கப் வந்தது. இப்போது புகார் சொல்ல இடமே இல்லை. எவ்வளவு அழகான மூளை பாருங்கள்.

மனசு மாறணும், ஆணை போட்டு என்ன ஆகப்போகுது என்று சங்கத்து நண்பர் ஒருவர் வாதாடுவார். மனசு மாறும்போது மாறட்டும். அதுவரைக்கும் சாவி ஆணியில் தொங்க வேண்டும். அரசு அலுவலகத்தில் வாயால் சொன்னது சொன்னவரோடு போய்விடும், ந.க. எண் என்கிற கோப்பு எண் போட்டு ஏறியதை எடுக்கத்தான் அடுத்தவர் காரணம் எழுத வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தை எழுதப் பேனா எடுத்தாலே பாதிப் பேருக்குக் கூச்சம் வந்துவிடும். முகாம் பணியையும் சுழற்சிப் பட்டியலாக எழுதி ஒட்டிய பிறகுதான், இன்னாருக்கு ராமேஸ்வரம் இன்னாருக்கு மூக்கையூர் என்ற பேச்சு குறைந்தது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அதே பட்டியலில் சேர்த்தோம். தபால் பிரிவுத் தம்பி இப்போது கணக்குப் பிரிவில் இருக்கிறார். தணிக்கை வந்தால் அவரைத்தான் தேடுகிறோம்.

இப்போது அந்த டிராயர் உள்ள மேசை என்னுடையது. சாவி மறுபடி ஆணிக்குப் போயிருக்கிறது. தரை ஈரமாகத்தான் இருக்கிறது. துடைக்கக் கூடுதல் நேரத்துக்குக் கூலி கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

திங்கட்கிழமை புது அதிகாரி பொறுப்பேற்கிறார். ஒப்படைப்புப் பட்டியலில் வழக்கமாக ஐந்து இனம் இருக்கும்: ரொக்கப் புத்தகம், இருப்புப் பதிவேடு, வாகனம், நிலுவை வழக்குகள், தணிக்கைத் தடைகள். இந்த முறை ஆறாவதாக ஒன்று தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். உள்ளகக் குழுவின் காலம் முடியும் தேதி, சுழற்சிப் பட்டியல், முப்பதடிச் சாய்தளத்துக்கு எவர்சில்வர் கைப்பிடியோடு மதிப்பீடு, கழிவறைச் சாவி ஒன்று. போகிறவர் படித்துப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கும்மா இதுல?" என்று கேட்டார். கேட்டாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். வருகிறவர் கையெழுத்துக்கு இடம் காலியாக இருக்கிறது.