ரெண்டே நாளில் டைனிங் டேபிளாம், வாயில் நல்லா வருது

‘பிகினர்களுக்கு ஏற்றது, ஒரே வார இறுதியில் முடித்துவிடலாம்’ என்று அந்த பிளானின் தலையில் எழுதிய மகராசன் யாரோ, எனக்குத் தெரியாது. ஒரு ஜனவரி மாதம் அவர் வீட்டுக்குப் போய், அவர் செய்த டேபிளை மட்டும் நான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிடுவேன். சத்தியமாக.

நாங்கள் சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். வீட்டில் நாலே பேர். ஆனால் கொலு, தீபாவளி, பிறந்தநாள் என்று ஏதாவது சாக்கில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிடுவார்கள். பாதிப் பேர் மடியில் காகிதத் தட்டோடு சோபாவில் உட்காருவார்கள், ரசம் கார்ப்பெட்டில் உட்காரும். வேண்டியபோது நீட்டிக்கொள்கிற மாதிரி மர டேபிள் ஒன்றைக் கடையில் விலை கேட்டேன். கேட்டுவிட்டு மரியாதையாக வெளியே வந்துவிட்டேன். அப்புறம்தான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. ஃபார்ம்ஹவுஸ் டேபிள். தடித்த பலகைகள், கட்டையான கால்கள், இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு பலகை, விருந்தாளி வந்தால் முனைகளில் சேர்த்துக்கொள்ள இரண்டு கூடுதல் பலகைகள். தாடி வைத்த ஒருவர், காலடியில் ஒரு நாய், பின்னணியில் கிட்டார். பதினோரு நிமிடத்தில் டேபிள் ரெடி.

ஊருக்குப் போன் பண்ணி அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். “ஏன்டா, அங்க ஆசாரியே கிடையாதா?” என்றார். நானே செய்யப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “வேலை போயிருச்சாப்பா?”

முதல் அடி அளவில் விழுந்தது. பிளானில் ஆறு பலகை போட்டிருந்தது. நம் வீட்டு விருந்துக்குக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டுமே என்று தாராள மனசோடு ஏழாக்கினேன். டூ பை சிக்ஸ் பலகை, அகலம் ஆறு இன்ச், ஏழாறு நாற்பத்திரண்டு. இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு. அந்தக் கணக்கை நம்பிக் காலையும் சட்டத்தையும் முதலில் செய்து பசை போட்டு ஒட்டிவிட்டேன், பக்கத்துக்கு இரண்டு இன்ச் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்று. பலகைகளை எடுத்து வரிசையாக அடுக்கினால் முப்பத்தெட்டரை!

டேப்பைத் திருப்பிப் போட்டு அளந்தேன். பலகையைத் திருப்பிப் போட்டு அளந்தேன். முப்பத்தெட்டரைதான். டூ பை சிக்ஸ் என்றால் ஒன்றரைக்கு ஐந்தரையாம். டூ பை ஃபோர் ஒன்றரைக்கு மூன்றரையாம். ஃபோர் பை ஃபோர் கால் வாங்கினேனே, அதுவும் மூன்றரைக்கு மூன்றரைதான். ஈர மரத்தை அறுத்தபோது கிட்டத்தட்ட அந்த அளவு இருந்ததாம், காய்ந்து இழைத்த பிறகு இப்படி ஆகிவிடுமாம், பெயர் மட்டும் பழையபடியே நிற்குமாம். ஏமாற்று என்று யாரிடமும் சண்டைக்குப் போகவும் முடியாது. அமெரிக்க வணிகத்துறை வெளியிடும் பிஎஸ் 20 என்ற தர அளவிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அரைப்படி அரிசியைப் படி என்று விற்றால் நம் ஊரில் அந்தப் படியோடு சேர்த்துக் கடைக்காரரையும் தூக்கிக்கொண்டு போவார்கள். இங்கே அதற்கு நம்பர் போட்டுப் புத்தகம்.

நீளத்தில் மட்டும் இந்தத் தில்லுமுல்லு கிடையாது. எட்டடி என்றால் எட்டடி. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறு விதத்தில் திரும்பி வரும்.

ஆக, மேல்பலகை பக்கத்துக்குக் கால் இன்ச்தான் வெளியே நீட்டுகிறது. ஓரத்தில் யார் உட்கார்ந்தாலும் முழங்கால் நேராகச் சட்டத்தில் போய் மோதும். எனக்கு இடது முழங்காலில் நிரந்தரமாக ஒரு நீலம் இருக்கிறது.

இன்னொரு விஷயம் வீடியோவில் சொல்லவே இல்லை. இந்தப் பலகைகள் வீடு கட்டச் சுவருக்குள் நிறுத்துகிறவை, மேசைக்காக அறுத்தவை அல்ல. கையில் குத்தாமல் இருக்க நான்கு விளிம்பையும் உருட்டி விட்டிருப்பார்கள். இரண்டு பலகையைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் நடுவே ஒரு வாய்க்கால் விழும். ஏழு பலகைக்கு ஆறு வாய்க்கால். அந்த விளிம்புகளை டேபிள் சா என்கிற மேசை ரம்பத்தில் சீவி எடுத்துவிட்டு ஒட்ட வேண்டுமாம். என்னிடம் டேபிள் சா ஏது? தாடிக்காரருக்கு அந்த வாய்க்கால் ‘கிராமிய அழகு’. அவர் அதில் வைத்துச் சாப்பிடுவது பிரெட்டாக இருக்கும். நாங்கள் சாப்பிடுவது சோறும் பீன்ஸ் பொரியலும். தேங்காய்த் துருவல் அந்த இடுக்கில் போய் உட்கார்ந்தால் எந்தத் துணியாலும் வராது. பல்குத்தும் குச்சியை வைத்து ஒவ்வொரு பருக்கையாக நான் நெம்பி எடுப்பதைப் பார்த்து, “அப்பா டேபிளுக்குப் பல் தேய்க்கிறார்” என்று சின்னவன் வகுப்பில் சொல்லியிருக்கிறான்.

சாமான் செலவைப் பற்றிப் பேசினால் ரத்தக்கொதிப்புதான் ஏறும். ‘டிரில் ஒன்று இருந்தால் போதும்’ என்றுதான் ஆரம்பித்தார்கள். பிறகு சாய்வாகத் துளை போட ஒரு ஜிக், அதற்கென்று தனி ஸ்க்ரூ, மரத்தைத் தேய்க்கும் சாண்டர், அதற்கு 80, 120, 180 என்று உப்புத்தாள்கள், பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப்கள். ஆறு கிளாம்ப் வாங்கினேன், போதவில்லை. இன்னும் நாலு வாங்கினேன், போதவில்லை. கிளாம்ப் என்பது எத்தனை வாங்கினாலும் இன்னும் இரண்டு குறைகிற பொருள். மரத்துக்கு நிறம் ஏற்றும் ஸ்டெயின் கதை வேறு. வீடியோவில் தேன் நிறத்தில் வந்தது, எனக்குத் தேமல் விழுந்த மாதிரி வந்தது. பைன் வகை மரம் சாயத்தை ஒரே சீராகக் குடிக்காதாம், முதலில் இன்னொரு திரவம் பூச வேண்டுமாம். அதுவும் பக்கத்து அலமாரியில் விற்பனைக்கு இருக்கிறது.

ஒரே வார இறுதி ஏழு வார இறுதியானது. சரி, எப்படியோ தீபாவளிக்கு முதல் நாள் முடித்தேன்.

இப்போது அந்த நீட்டல் சமாசாரம். ஆறடி மேசை, இரண்டு முனையிலும் பதினெட்டு இன்ச் சேர்த்தால் ஒன்பதடி. மேசைக்கு அடியிலிருந்து முனைக்கு இரண்டு மரச்சட்டம் வெளியே இழுபடும், அதன்மேல் கூடுதல் பலகையை வைக்க வேண்டும். பலகையின் விளிம்பில் இரண்டு மர முளைகள், மேசை விளிம்பில் அவை போய் உட்கார இரண்டு துளைகள். படத்தில் பார்க்கப் பரம சுலபம். ஆனால் வெளியே நீட்டுகிற நீளத்துக்கு ஈடாக உள்ளேயும் சட்டம் பிடிப்போடு இருக்க வேண்டும் என்று யாராவது ஒரு வரி சொன்னார்களா? வெளியே பதினெட்டு இன்ச், உள்ளே பத்து இன்ச் விட்டிருந்தேன். சட்டம் நுழைகிற ஓட்டையில் எட்டில் ஒரு இன்ச் இளக்கம். அந்த இளக்கம் முனைக்குப் போகும்போது பெருகிவிடும், தராசுக்கோல் கணக்கு. வெறும் பலகையாக இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை. தீபாவளி அன்று முனையில் உட்கார்ந்திருந்த எங்கள் நண்பர் ஒருவர், நல்ல ஆகிருதி, முழங்கையை ஊன்றிக் கதை சொல்ல ஆரம்பித்தார். பாயசக் கிண்ணம் அவரை நோக்கி நிதானமாக நகர ஆரம்பித்தது. அவர் கதையை நிறுத்தவில்லை, கிண்ணமும் நிற்கவில்லை. என் மனைவி எட்டிப் பிடித்தாள். பிடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். என் தப்பும் இதில் இருக்கிறது. ஜனவரிக்கு வருகிறேன்.

வெளியே மைனஸ் இருபது. வீட்டுக்குள் ஹீட்டர் இராப்பகலாக ஓடுகிறது. காற்றில் ஈரம் என்பதே இல்லை, கதவுப் பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. நடுராத்திரி கீழே துப்பாக்கி வெடித்த மாதிரி ‘டப்’ என்று ஒரு சத்தம். திருடன் என்று நினைத்து மாடிப்படியில் பேட்டோடு நின்றேன். பத்து நிமிடம் கழித்து இன்னொரு ‘டப்’. இறங்கிப் போய் லைட்டைப் போட்டால், முனையிலிருந்து கிட்டத்தட்ட மூன்றடி நீளத்துக்கு மேசை பிளந்திருக்கிறது. பக்கத்துப் பலகையில் இன்னொன்று. கால் டாலர் காசு தாராளமாக உள்ளே போகிறது. அடுத்த நாள் பிள்ளைகள் அதை உண்டியலாகவே ஆக்கிவிட்டார்கள்.

காரணம் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. பலகையில் குத்தியிருக்கும் கேடி-எச்டி முத்திரைக்கு அர்த்தம், சூளையில் காயவைத்தது என்பதுதான். ஆனால் பத்தொன்பது சதவீதம்வரை ஈரம் இருக்கலாம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் மரம் ஆறு, ஏழு சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்புறம்தான் புத்தி வந்து ஈரம் பார்க்கும் மீட்டர் வாங்கிக் குத்திப் பார்த்தேன். கராஜில் கிடந்த மிச்சத் துண்டு பதினான்கு காட்டியது, மேசை ஆறு காட்டியது. ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் இந்த மாதிரிப் பலகை அகலத்தில் ஏறக்குறைய கால் சதவீதம் சுருங்கும். எட்டு சதவீதத்துக்கு இரண்டு. முப்பத்தெட்டரை இன்ச் மேசையில் அது முக்கால் இன்ச்! நீளவாக்கில் மரம் சுருங்குவதோ கண்ணுக்கே தெரியாத அளவு. அதே நீளம்தான். கடையிலும் அது ஒன்றுதான் சொன்ன சொல் தவறவில்லை, ஜனவரியிலும் அது ஒன்றுதான்.

இப்போது அந்த முனைப்பலகையை யோசியுங்கள், பிரெட்போர்டு என்கிறார்கள். மேசையின் அகலவாக்கில் அது நீளமாகப் படுத்திருக்கிறது. அது சுருங்காது. அதோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கிய ஏழு பலகையும் சுருங்கியே தீரும். எங்கே போகும்? பிளக்கும். விஷயம் தெரிந்தவர்கள் நாக்கும் குடைவுமாக அதைச் செருகி, நடுவில் மட்டும் பசை வைத்து, ஓரத்து முளைகளுக்குத் துளையை நீட்டமாகக் குடைந்து, மரம் போய்வர வழி விடுவார்களாம். நம் தாடிக்காரர் என்ன செய்தார்? பதினான்கு ஸ்க்ரூ. முகத்தில் புன்னகை.

கோபமே இங்கேதான். இது ரகசியம் ஒன்றும் இல்லை. தச்சு வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் வீடியோவைப் பாலிஷ் காய்ந்த அன்றைக்கே எடுத்து முடித்துவிடுகிறார்கள். அன்றைக்கு எந்த மேசையும் பிளக்காது. செப்டம்பரில் கேமராவை மூட்டை கட்டிவிட்டு அடுத்த வாரம் புத்தக அலமாரி செய்யப் போய்விடுகிறார். ஜனவரியில் பேட்டோடு மாடிப்படியில் நிற்பது நான். தெரிந்தவனுக்கு எப்படிச் சமாளிப்பது என்று தெரியும், தெரியாதவனுக்குத்தானே முதலில் சொல்ல வேண்டும்? ‘பிகினர்’ என்று போட்டுவிட்டு, பிகினருக்குத் தெரியாத அந்த ஒன்றை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

பொங்கலுக்கு ஆட்கள் வந்தார்கள். நீட்டல் பலகைகளை வீட்டுக்குள் படுக்கையறை அலமாரியில்தான் வைத்திருந்தேன், கராஜில் போட்டால் கெட்டுவிடும் என்ற அக்கறையில். மேசை மாதிரியே நீளவாக்கில் துண்டுகளை ஒட்டிச் செய்தவைதான் அவையும், ஆனால் முனைப்பலகை கிடையாது. தடுக்க ஆளில்லாததால் சுதந்திரமாக முக்கால் இன்ச் சுருங்கியிருந்தன. விரிசல் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இரண்டு முளைக்கும் நடுவே இருந்த இடைவெளியும் சேர்ந்து சுருங்கிவிட்டது. துளைகளோ சுருங்காத முனைப்பலகையில். ஒரு முளை துளையில் போனால் மற்றது போகவில்லை. பிடித்து வைத்தால் பிளக்கிறது, விட்டு வைத்தால் பொருந்தவில்லை. என்னதான் செய்வது இந்த மரத்தை? கடைசியில் தரையில் பெட்ஷீட் விரித்து வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பொங்கல் பானை மட்டும் மேசைமேல் இருந்தது. பந்தி நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த எரிச்சலில் அடுத்த நாளே விரிசல் அடைக்கிற மரப்பூச்சு ஒரு டப்பா வாங்கி வந்து விரிசல் முழுக்கத் திணித்தேன். தேய்த்தேன், ஸ்டெயின் அடித்தேன், பார்க்கக்கூட சுமாராக இருந்தது. இப்போது ஜூலை. ஜன்னலைத் திறந்தால் முகத்தில் ஈரத்துணி போட்ட மாதிரி காற்று. மரம் மறுபடி உப்புகிறது, விரிசல் மூடப் பார்க்கிறது, நடுவில் நான் திணித்த பூச்சு நிற்கிறது. அதற்குப் போக இடமில்லாமல் மேலே பிதுங்கி, மூன்றடி நீளத்துக்கு வயல் வரப்பு மாதிரி எழுந்து நிற்கிறது. இன்று காலை தோசைத் தட்டு அதன்மேல் சீசா ஆடியது. சட்னி தப்பித்தது.

கராஜில் சுரண்டி எடுக்கிற கத்தியைத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி வாசலில் வந்து நின்றாள். எதிர்வீட்டு நண்பருக்கு அந்த மேசை ரொம்பப் பிடித்திருக்கிறதாம். பிளானின் லிங்க் கேட்கிறாராம்.