கூலியும் சம்பளமும் ஒன்றா?

வேலைக்குக் கிடைக்கும் பணத்தைக் குறிக்கும் சாலரி, வேஜ், பே என்ற ஆங்கிலச் சொற்கள் மூன்றும் ஒரே பொருள்தான், எதை வேண்டுமானாலும் போடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது.

மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ வேலை பார்த்து வாங்குவது வேஜ். நம் 'கூலி' கிட்டத்தட்டப் பொருந்தும். மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி வைத்தது சாலரி. 'மினிமம் வேஜ்' என்பார்களே தவிர 'மினிமம் சாலரி' காதில் ஒட்டாது. சட்டத்தின் பாஷை தனி. 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடா சட்டத்தில் மாதச் சம்பளமும் வேஜஸ் என்றுதான் இருந்தது. பே இரண்டுக்கும் பொது. டாக்டர், வக்கீலுக்குக் கொடுப்பது ஃபீஸ்.

ஸ்டைபெண்ட், அதாவது பயிற்சிக் காலத்தில் கொடுக்கும் உதவித்தொகை, அந்த விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே கூத்து நடந்தது. மருத்துவப் படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் தம்பி மகன், வங்கிப் படிவத்தில் 'சாலரி' என்று எழுதிவிட்டான். கவுண்டரில் சாலரி ஸ்லிப் கேட்டார்கள். கல்லூரி கொடுத்த தாளிலோ ஸ்டைபெண்ட் என்று இருந்தது. அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, அரை நாள் போச்சு.

அப்புறம், ரோமப் படைவீரர்களுக்கு உப்பைத்தான் சம்பளமாகக் கொடுத்தார்கள் என்று சொல்லும் கதை. சாலரியின் மூலமான 'சலாரியம்' என்ற லத்தீன் சொல், உப்பைக் குறிக்கும் 'சால்' என்பதிலிருந்து வந்தது, சரி. ஆனால் சம்பளமாக உப்பையே அளந்து கொடுத்ததற்குப் பழைய ஆதாரம் கிடையாது. சம்பா நெல்லும் உப்பளத்து உப்பும் சேர்ந்துதான் 'சம்பளம்' ஆனது என்று நம் ஊர் மேடைகளில் சொல்வார்களே, அதைக் கேட்கும்போதும் எனக்கு இதே சந்தேகம்தான்.