சேற்றில் தங்கும் பூந்தூள்

சதுப்புச் சேற்றில் கிடைக்கும் பழைய மகரந்தம் எந்தெந்தச் செடியுடையது என்று பார்த்து, மலைகளின் அன்றைய காலநிலையைக் கணிக்கலாம் என்கிற கட்டுரையை வேலூரிலிருந்து வாசித்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது.

வேலூர் அருகே அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் எங்கள் நிலத்துக்கு ஏரி வண்டல் அடிப்பதுண்டு. வெயிலில் வெடித்த கட்டியை உடைத்தால் உள்ளே அடுக்கடுக்காக இருக்கும். அப்படியானால் நம் ஏரியிலும் மகரந்தம் கிடைக்குமே என்று தோன்றலாம். ஆனால் நம்ம ஊர் ஏரி கோடைதோறும் காய்கிறது. காற்றுப் பட்டால் மகரந்தம் சிதைந்துவிடும். நீலகிரிச் சதுப்பு அப்படியில்லை, தண்ணீர் வற்றாமல் ஊறியே கிடப்பதால் பல்லாயிரம் ஆண்டுத் தூளும் ஓடு கெடாமல் நிற்கிறது. அமிலத்தில் மண்ணையே கரைத்தாலும் அந்த ஓடு கரையாது என்பதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். புல் மகரந்தம் எல்லாம் உருண்டையாக, ஒரே துளையோடு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். எந்தப் புல் என்று பிரிப்பது கஷ்டம். அதற்கு வேறு வழி உண்டு. சூழலியல் அறிஞர் ராமன் சுகுமாரும் உடன் உழைத்தவர்களும் நீலகிரிச் சதுப்பு மண்ணில் கார்பன் ஐசோடோப்பை, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதத்தை, அளந்தார்கள். அந்த ஆய்வு 1993-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. வறட்சி தாங்கும் புல்லுக்கு ஓர் அளவு, ஈரம் விரும்பும் செடிக்கு வேறு அளவு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வறட்சி, 11,000 ஆண்டுகளுக்கு முன் நல்ல ஈரம் என்று தெரிந்தது.

சரி, இவ்வளவு பழங்கதை சொல்லும் ஊட்டிச் சதுப்புகளில் மண் கொட்டி மூடுவதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.