அங்கிள், அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம்...

சனிக்கிழமை காலை ஐந்தே கால் மணிக்கு எழுந்தேன். ஆபீசுக்குக்கூட அந்த நேரத்தில் எழுந்ததில்லை. ரயிலைப் பிடித்து பியூட்டி வோர்ல்டில் இறங்கி, ஏழு மணிக்கெல்லாம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா வனப்பகுதிக்குள் நுழைந்துவிட்டேன். எதற்கு? ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் இருக்க. கிடைத்தது பதினோரு நிமிடம்.

அந்தப் பதினோராவது நிமிடத்தில் தலைக்கு மேல் ஒரு துடுப்புவால் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. கரிய பறவை. வாலிலிருந்து இரண்டு கம்பி இழை தொங்கும், அதன் நுனியில் சின்னச் சின்னத் துடுப்பு. பறந்தால் இரண்டு வண்டுகள் அதைத் துரத்திக்கொண்டு போவது மாதிரியே இருக்கும். மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

டம். டம். டம்.

முதலில் தாளம் மட்டும்தான் ஏறி வந்தது. அப்புறம் புல்லாங்குழல். அப்புறம் முழு ஆர்க்கெஸ்ட்ரா. கடைசியாக அங்கிள். பையின் பக்கவாட்டு வலையில், தண்ணீர் பாட்டில் இருக்க வேண்டிய இடத்தில், சிவப்பாக ஒரு உருண்டை ஸ்பீக்கர். பாட்டிலைக் கையில் பிடித்திருக்கிறார். எது முக்கியம் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

அதுவும் தமிழ்ப் பாட்டு! வேறு மொழியாக இருந்தால் யாரோ என்று முறைத்திருக்கலாம். இது நம் வீட்டு மானம். முன்னால் போன சீனத் தம்பதி திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, அப்படியே என்னையும் பார்த்தார்கள். நான் கூட வரவில்லை ஐயா!

சரி, போகட்டும் என்று ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்தேன். அங்கிளும் நின்றார். ஏற்றம் செங்குத்தல்லவா, மூச்சு வாங்குகிறது. ஒரு சரணம் முழுக்க என் பக்கத்திலேயே நின்று வாங்கியது. இன்னொரு ஷூவையும் அவிழ்த்துக் கட்டினேன். அவர் தண்ணீர் குடித்தார். சரி, நாம் முந்துவோம் என்று வேகமாக ஏறினேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது போல, அவரும் ஏறினார். நாற்பது வருஷத்துக் காதல் சோகம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால் மலையேறி வந்தது. நடுவில் விளம்பரம் வேறு, இலவசக் கணக்கு போலிருக்கிறது. 163 ஹெக்டேர் காட்டில் உள்ள அத்தனை மரத்துக்கும் சேர்த்துக் காப்புறுதி எடுக்கச் சொல்லி ஒரு அம்மா கெஞ்சினார்.

இதே காட்டில் 1854ல் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைப் பிடித்தார். மாலை வேளையில் புலி உறுமியதைக்கூடக் கேட்டாராம். கொடுத்து வைத்த மனிதர். புலிக்காக வெட்டி, குச்சியும் இலையும் போட்டு மூடிய குழிகளில் சில தடவை விழப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்தக் குழிகளில் ஒன்றை மட்டும் தூர்க்காமல் விட்டிருக்கலாம். வேறொன்றும் கேட்கவில்லை.

இங்கே குரங்குக்கு ஒரு வாழைப்பழம் நீட்டினால், முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம். என் காதுக்குள் அரை மணி நேரம் ஊட்டியதற்கு எவ்வளவு?

இதில் இன்னொரு கவலை. கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும். அடுத்த மாதம் போகும்போது அது மரத்தில் உட்கார்ந்து காப்புறுதி விற்றால் நான் பொறுப்பல்ல.

ஏறும்போதே மனசுக்குள் வசனம் தயார் செய்துவிட்டேன். கோபம் இருக்க வேண்டும், மரியாதை குறையக்கூடாது. “அங்கிள், தப்பா நினைக்காதீங்க” என்று ஆரம்பம். நான்கு வரி. உச்சியில், 163.63 மீட்டர் என்று பொறித்த பாறைக்கு முன்னால் அவர் வந்து நிற்கும்வரை காத்திருந்து, தொண்டையைச் செருமினேன்.

“தம்பி தமிழா?”

“ஆமா அங்கிள்.”

“அட, நல்லதாப் போச்சு! ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?”

எடுத்துக் கொடுத்தேன். பாறையில் உள்ள எண் மறைகிறது என்றார், திரும்ப எடுத்தேன். கண் மூடிவிட்டார், திரும்ப. போனைப் படுக்கைவாக்கில் திருப்பி ஒன்று. தொப்பி இல்லாமல் ஒன்று. ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருந்தது. “எப்படிப் பாட்டு பார்த்தீங்களா தம்பி!” என்றார். நான்... தலையாட்டினேன். நாலு வரி வசனமும் அங்கேயே செத்தது.

அவர் வேறு பாதையில் இறங்கிவிட்டார். காடு அமைதியானது. பாதி தூரம் இறங்கிய பிறகுதான் கவனித்தேன், அந்தச் சோகப் பாட்டின் இரண்டாவது சரணத்தை நானே சத்தமாக முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். எதிரே ஏறி வந்த பெண் ஒதுங்கி வழிவிட்டார். சிரிக்காமல் என்ன செய்ய?

கோப்பிக் கடையில் உட்கார்ந்து ‘தே சியூ தாய்’, அதாவது சீனி குறைத்த டீ, கேட்டேன். வந்தது பாயசம். சீனியைக் குறைத்துப் போடுங்கள் என்றால் குறைத்துப் போடுவதில் அப்படி என்னதான்யா கஷ்டம்?