படுத்தால் ஊரே வருகிறது, கிளினிக்குக்குப் போகத்தான் ஆளில்லை

எனக்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் ஊறுகிற நோய். பெயர் பாலிசைத்தீமியா வேரா. மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கிற எங்கள் ஊர் பீடோரில் யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற பதில், "ரத்தம் கூடுதலா இருந்தா நல்லதுதானே அண்ணே!" என்பதுதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முருங்கைக்கீரை, ஈரல், பீட்ரூட் என்று சோகைக்குப் பயந்தே சமைத்து வளர்ந்த தோட்டத்துச் சனம் நாம். ரத்தம் குறைந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கூடினால் என்ன ஆகும் என்று எனக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

கெட்டியாகும். கெட்டியான ரத்தம் எங்கே வேண்டுமானாலும் உறையும். மூளையில் அடைத்தால் பக்கவாதம், இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உண்டாக்குகிற உயிரணு ஒன்றில், ஜாக்-2 என்ற மரபணு இடையில் மாறிப்போகிறது. அப்புறம் உற்பத்தி நிற்பதே இல்லை. இந்த மாற்றத்தை 2005இல்தான் கண்டுபிடித்தார்கள். இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு அது இருக்கிறது. பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, ஒட்டுவதும் இல்லை. மருத்துவக் கணக்கில் இது மெதுவாக நகர்கிற ஒரு ரத்தப் புற்றுநோய். இந்தக் கடைசிச் செய்தியை என் அம்மாவிடம் மட்டும் நாங்கள் இன்னும் சொல்லவில்லை, அதனால் இந்தப் பதிவை யாரும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

எனக்கு அடையாளம் காட்டியது அரிப்பு. செம்பனை ஆலையில் எடை மேடை வேலை முடிந்து வந்து, குளித்துத் துவட்டிய கொஞ்ச நேரத்தில் முதுகும் தொடையும் பிடுங்கி எடுக்கும். தோலைப் பார்த்தால் ஒரு புள்ளி இருக்காது, ஒரு தடிப்பு இருக்காது. சோப்பை மாற்றினோம், தண்ணீர்த் தொட்டியைக் கழுவினோம், மச்சான் வேப்பிலை கொண்டுவந்து கொடுத்தார். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றியதும் நான் குதித்த குதியில் பிள்ளைகள் பட்டாசை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். கண் வேறு எந்நேரமும் சிவந்து கிடக்கும். ஆலையில் ஒருத்தன் கண் சிவந்திருந்தால் காரணம் ஒன்றுதான்: தண்ணி. நான் பீர்கூடத் தொடாதவன் என்று தெரிந்தவர்களே கிட்டே வந்து மோப்பம் பிடித்தார்கள்.

ஒருநாள் காலையில் வாய் ஒரு பக்கம் இழுத்து, பேச்சுக் குழறி, அரை மணி நேரத்தில் தானாகச் சரியானது. சரியாகிவிட்டதே என்று வேலைக்குக் கிளம்பினேன், மனைவி விடவில்லை. ரத்தப் பரிசோதனையில் விஷயம் வெளியே வந்தது.

அந்த முறை வார்டில் படுத்திருந்தபோது ஊரே வந்தது. மெய்யாகவே ஊரே. கோயில் கமிட்டிக்காரர்கள், ஆலைக் கூட்டாளிகள், முன்பு தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்து இப்போது தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, போய்விட்டவர்கள், பெயர் தெரியாத ஒரு பாட்டி. கட்டிலுக்கு அடியில் மைலோ டின்னும் ஆரஞ்சும் 100 பிளஸ்சும் வைக்க இடமில்லை. நர்ஸ் சத்தம் போட்டுத்தான் கலைத்தார். அந்த அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த நோய் அந்த வார்டோடு முடியவில்லை. இது கிளினிக் நோய். சாகும்வரை, மாதக் கணக்கில் தேதி போட்டு, மாநிலத் தலைநகர் ஈப்போவுக்குப் போய், ரத்தம் குத்தி, எண் பார்த்து, மருந்து வாங்கி வருகிற நோய். அதற்குக் கிளம்புகிற காலை ஆறு மணிக்கு ஊரில் ஒரு ஆள் கிடையாது.

வைத்தியம் கேட்கச் சிரிப்பாக இருக்கும். ரத்தத்தை எடுத்துவிடுவதுதான் முதல் வேலை. ரத்ததானத்துக்குக் குத்துகிற அதே தடித்த ஊசி, ஏறக்குறைய 450 மில்லி. தானம் கொடுப்பவருக்கு மளமளவென்று நிறைகிற பை எனக்கு இழுத்துக்கொண்டே போகும். கறுத்த ரத்தம் குழாயில் நின்று நின்று இறங்கும், நர்ஸ் என் கையில் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார். ஒருமுறை எதிர்க் கட்டிலில் ஒரு மலாய்க்கார மக்சிக் (பெரியம்மா), பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத தாலசீமியா நோய் உள்ள பேரனுக்கு ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பையையும் அவன் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதை இவனுக்கே போட்டுவிடலாமே?" என்று நர்ஸிடம் கேட்டார். முடியாது, என் ரத்தம் யாருக்கும் ஆகாது. கழிவுப் பைக்குப் போகிறது. அது எனக்குமே இன்றுவரை மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை, ஹெமட்டோகிரிட் என்பார்கள், 45 விழுக்காட்டுக்குக் கீழே வைக்க வேண்டும். 45க்கும் 50க்கும் இடையில் விட்டுவைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய நான்கு மடங்கு வந்ததாக 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. அதற்குத்தான் இந்த ஓட்டம். கூடவே தினமும் சின்ன ஆஸ்பிரின், மஜ்ஜையின் வேகத்தை அடக்குகிற ஹைட்ராக்சியூரியா கேப்சூல். அந்தக் கேப்சூலை வீட்டில் மற்றவர்கள் வெறுங்கையால் தொடக்கூடாது. வெயிலும் ஆகாது, நாள்பட்டால் தோலைக் கெடுக்கும். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிற ஒருவருக்கு இந்த மருந்து எழுதினால் அவர் என்ன செய்வார் என்று அடிக்கடி யோசிப்பேன். நானாவது கூரைக்குக் கீழே உட்கார்ந்து லாரி நிறுக்கிறவன்.

எண் 43க்கு வந்ததும் சொந்தக்காரர்கள் கேட்டது: "அதான் நார்மல் ஆயிடுச்சே, ஏன் இன்னும் மருந்து?" நார்மல் ஆனதே மருந்தால்தானே ஐயா! இன்னொரு கூட்டம் இரும்புச்சத்து டானிக்கோடு வரும். அடிக்கடி ரத்தம் எடுப்பதால் உடம்பில் இரும்பு குறையும், களைப்பும் இருக்கும், உண்மை. ஆனால் அதைக் குறைய விடுவதும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான். டாக்டரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை போட்டால் மஜ்ஜை மறுபடியும் பாய்ச்சல் எடுக்கும். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய டானிக் போத்தல்கள் எங்கள் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன, வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், சோகை உள்ளவராக இருந்தால்.

பணம் பெரிய பிரச்சினை இல்லை. அரசாங்க நிபுணர் கிளினிக்குக்கு ஐந்து வெள்ளிதான் (ரிங்கிட்). ஆளும் நாளும்தான் பிரச்சினை. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவனுக்கு வேலைச் சட்டப்படி வருடத்துக்கு 22 நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, உண்டு. ஆனால் கிளினிக்குக்குப் போய்வந்தால் பல நேரம் கையில் கிடைப்பது எம்சி அல்ல, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை இங்கே இருந்தார் என்கிற டைம் ஸ்லிப். மீதி நேரத்துக்கு ஆலைக்கு வா என்பார் மேலாளர். ஈப்போவிலிருந்து பஸ் பிடித்து வந்தால் ஷிப்டே முடிந்திருக்கும். அதனால் ஆண்டு விடுப்பில் கழியும். இப்படிக் கழிந்து கழிந்து, போகாமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். நீரிழிவுக்காரர், கிட்னிக்காரர், இதயத்துக்காரர் எல்லோரும் அதில் உண்டு. அவர்கள் திரும்பவும் வார்டில் படுக்கும்போது நாம் ஆரஞ்சோடு போய் நிற்கிறோம்.

கோயில் திருவிழாவுக்கு வேன் ஏற்பாடு செய்யத் தெரிந்த ஊருக்கு, மாதம் இரண்டு நாள் ஈப்போவுக்கு ஒரு வேன் விடத் தெரியாதா? கமிட்டியில் கேட்டேன், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். சரி, பார்க்கட்டும். இன்னொன்று: தொடர் மருந்துக்காகவே ஈப்போவரை போகிறவர்கள், பக்கத்து அரசாங்க மருந்தகத்தில் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். அதற்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு, கேட்காதவர்களுக்குத் தெரிவதில்லை.

வருகிற புதன்கிழமை எனக்குத் தேதி. மகன் காரில் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம், பின்சீட்டில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. தாப்பா, கம்பாரில் நின்றாலும் ஏற்றிக்கொள்வோம். எந்த கிளினிக்காக இருந்தாலும் பரவாயில்லை. திரும்ப மதியம் இரண்டு மூன்று ஆகும், மருந்து கவுண்டரில் நம்பர் வர நேரமெடுக்கும். இங்கே கமெண்டில் போட்டால் நான் பார்க்க மாட்டேன், வாட்சாப்பில் சொல்லுங்கள்.