பரிந்துரை வேறு, பணி ஆணை வேறு
எம்.எல்.ஏ. வெளியிட்ட பணிப் பட்டியலில் 'நிதி ஒதுக்கீடு' என்று இருப்பதை வைத்து வேலை தொடங்கிவிட்டதாக நினைக்காதீர்கள். தொகுதி மேம்பாட்டு நிதியில் (ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்) அவர் பரிந்துரைக்கத்தான் முடியும். நிர்வாக அனுமதி தருவது கலெக்டர். அதற்குப் பிறகே டெண்டர், பணி ஆணை (வேலையைத் தொடங்க ஒப்பந்ததாரருக்குத் தரும் உத்தரவு).

நிழற்குடையும் ரேஷன் கடைக் கட்டடமும் பணத்தைவிட இடப் பிரச்சினையில்தான் அதிகம் சிக்குகின்றன. வேலை கேட்டுத் தரும் மனுவிலேயே சர்வே எண்ணையும் புல வரைபடத்தையும் இணைத்துவிடுங்கள். சாலையோரம் என்றால் நெடுஞ்சாலைத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். ஆழ்துளைக் கிணறு கேட்பவர்கள் மின் இணைப்புச் செலவும் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். விட்டுப்போனால் மோட்டார் இறக்கியும் தொட்டி காய்ந்தே கிடக்கும், பாவம் ஊர்மக்கள்.

இழுத்தடித்தால் 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டுப் பணி ஆணை, அளவீட்டுப் புத்தகம் (செய்த வேலையின் அளவைப் பதியும் ஏடு) ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.